ஆலோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது?

சிறுதொழில் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில், ஊழியர்களின் யோசனைகளையும் அவர்களுடைய மனநிறைவையும் பற்றியவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, செபராங் பிறையில் உலோக உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள், மற்றவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பாயான் லெப்பாஸில் உள்ள பெரிய தொழிற்சாலைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். ஊழியர்களிடமிருந்து யோசனைகள் வரட்டும் என்று சென்ற ஆண்டு ஓர் ஆலோசனைப் பெட்டியை மாட்டி, மாதந்தோறும் சிறந்த யோசனைக்கு 200 ரிங்கிட் பரிசு என்றும் அறிவித்தேன். தொடக்கத்தில் சில சீட்டுகள் விழுந்தன. இப்போது திறந்தால் மிட்டாய்த் தாள்தான் இருக்கிறது. இவர்களுக்கு அக்கறை இல்லையா, என் முறையில் கோளாறா?
வாசகர், செபராங் பிறை

பதில்: தொடக்கத்தில் விழுந்த அந்தச் சீட்டுகளுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். ஒருவர் வேலை முடிந்த களைப்பில், எழுதிப் பழகாத கையால், "மூன்றாம் இயந்திரத்தின் கூலண்ட் குழாய் தவறான பக்கம் இருக்கிறது" என்று எழுதிப் போடுகிறார். ஒரு மாதம் கழித்தும் குழாய் அதே பக்கம் இருக்கிறது. மாற்ற முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் இரண்டாவது சீட்டு எழுத மாட்டார். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் முதல் சீட்டே எழுத மாட்டார்.

டொயோட்டா நிறுவனத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஜ் தொழிற்சாலையைப் பார்வையிட்டபோது, அங்கே ஊழியர்களின் யோசனைகளைப் பெறும் ஏற்பாட்டைக் கண்டார். மறு ஆண்டே, அதாவது 1951இல், டொயோட்டாவில் அதைப் போன்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் டொயோட்டா அதைத் தன் போக்கில் வளர்த்தெடுத்தது: யோசனைகள் மிகச் சிறியவையாக இருக்கலாம், பரிசுத் தொகையும் சிறியதே, யோசனை சொன்னவரோடு அமர்ந்து அதை எழுதி வடிவமைக்க உதவுவது மேற்பார்வையாளரின் வேலை, ஏற்ற யோசனையைப் பெரும்பாலும் சொன்னவரே செய்து பார்ப்பார். அங்கே பலன் கொடுத்தது பெட்டிக்குப் பின்னால் நின்ற அந்த மேற்பார்வையாளரின் நேரம்தான்.

பரிசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உளவியலாளர் சாம் கிளக்ஸ்பெர்க் 1962இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு மெழுகுவத்தி, ஒரு பெட்டி நிறைய குத்தூசிகள், ஒரு தீப்பெட்டி ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகு மேசையில் சிந்தாதபடி வத்தியைச் சுவரில் பொருத்தச் சொன்னார். ஊசிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியையே தாங்கியாகச் சுவரில் குத்துவதுதான் விடை. விரைவாக முடித்தால் பணம் என்று சொல்லப்பட்டவர்கள், பணப் பேச்சே இல்லாதவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். ஊசிகளை முன்கூட்டியே பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவைத்து, விடையை எளிதாக்கிக் கொடுத்தபோதோ பணத்துக்காகச் செய்தவர்களே முந்தினார்கள். வழி தெரிந்த வேலையைப் பரிசு விரைவுபடுத்துகிறது. ஒரு பொருளைப் புதிய கண்ணோடு பார்க்க வேண்டிய இடத்தில் அது பார்வையைக் குறுக்கிவிடுகிறது. மேலும் 22 பேரில் ஒருவருக்கு 200 ரிங்கிட் என்றால் மற்ற 21 பேர் மாதந்தோறும் தோற்கிறார்கள். அந்தப் பணத்தைப் பரிசாகக் கொடுப்பதைவிட, யோசனைகளைச் சோதித்துப் பார்க்கும் செலவுக்கு ஒதுக்குங்கள். யாரையும் கேட்காமல் 200 ரிங்கிட் வரை ஒரு தகடோ குழாயோ வாங்கிச் செய்து பார்க்கலாம் என்ற அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இருந்தால், அடுத்த வாரமே சில யோசனைகள் இயந்திரத்தில் ஏறிவிடும்.

இதைவிட முக்கியமான, முதலாளிகள் எளிதில் பேசாத ஒரு காரணமும் உண்டு. உங்கள் ஊழியர்கள் மிகை நேர வேலையை, அதாவது ஓ.டி.யை, நம்பிக் குடும்பம் நடத்துபவர்களாக இருக்கக்கூடும். சாதாரண நாளில் மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். ஒரு வேலையை இரண்டு மணி நேரம் குறைக்கும் வழி ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும், அதைச் சொன்னால் தன் வருமானத்தில் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊரில் கடன் வைத்துவிட்டு வந்த நேப்பாளத் தொழிலாளிக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே யோசனையால் மிச்சமாகும் நேரத்தின் பயனில் ஒரு பங்கு எப்படி ஊழியர்களுக்கு வரும் என்பதை முதலில் எண்களோடு சொல்லுங்கள். அதைச் சொல்லாத வரை, அவர்களுடைய மௌனத்தை அக்கறையின்மை என்று சொல்வது நியாயமாகாது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், செட்டப் நேரத்தில், அதாவது ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு இயந்திரத்தைத் தயார் செய்ய ஆகும் நேரத்தில், தொடங்குங்கள் என்பேன். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1969இல் டொயோட்டாவின் 1,000 டன் அழுத்த இயந்திரத்தில் அச்சு மாற்ற ஆன நான்கு மணி நேரத்தை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பின்னர் மூன்று நிமிடமாகவும் குறைக்க வழி காட்டினார். அவருடைய முறையின் அடிப்படை மிக எளியது: இயந்திரத்தை நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலைகளையும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்துவிட்டு, முடிந்த வரை முதல் வகையை இரண்டாம் வகைக்கு மாற்ற வேண்டும். சிறு பட்டறைகளில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்பேனர் தேடும் காட்சி எனக்குப் பழக்கமானது. அடுத்த வேலைக்கான கருவிகளைத் தள்ளுவண்டியில் முன்பே அடுக்கி வைப்பது எப்படி என்பதைப் பொறியாளரைவிட அந்த இயந்திரத்தில் நிற்பவரே நன்றாகச் சொல்வார்.

வாரத்தில் ஒரு நாள், இயந்திரத்தின் அருகிலேயே நின்றபடி கால் மணி நேரம் பேசுங்கள். எழுதத் தயங்குபவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துப் புலனத்தில் தங்கள் மொழியில் குரல்பதிவாக அனுப்பட்டும். வந்த ஒவ்வொன்றுக்கும் ஏழு நாளுக்குள் "செய்கிறோம்", "இன்ன காரணத்தால் செய்யவில்லை", "இன்னார் செய்து பார்க்கிறார்" என்ற மூன்றில் ஒரு பதிலை வெள்ளைப் பலகையில் எழுதுங்கள். பெட்டியைக் கழற்றிவிடலாம்.

கேள்வி: செந்தூலில் பலகாரம் செய்து கடைகளுக்கு விநியோகிக்கிறோம். 14 பெண்கள் வேலை செய்கிறார்கள். காலை 6 மணிக்கு வேலை தொடங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமதமாக வர அனுமதி வேண்டும் என்று நால்வர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்று தயக்கமாக இருக்கிறது.
வாசகி, செந்தூல்

பதில்: எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதால் முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் கொண்டுவரப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தங்களின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்டதையே கேட்காததுபோல் இருந்துவிட முடியாது.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். எல்லோரும் கேட்கட்டும் என்பதே என் கருத்து. உங்கள் தொழிலுக்கு அசைக்க முடியாத தேவைகள் எவை என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அடுப்படியில் 6 மணிக்கு எத்தனை பேர் கட்டாயம் நிற்க வேண்டும், வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மாலையில் பாத்திரம் கழுவி மாவு ஊறவைக்க எத்தனை பேர் வேண்டும் என்பன போல மூன்று நான்கு தேவைகள்தாம் தேறும். அவற்றைப் பலகையில் எழுதிவிட்டு, நேர அட்டவணையைப் போடும் பொறுப்பை அந்த 14 பேரிடமே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்காமார் சீக்கிரம் வந்து சீக்கிரம் வீடு திரும்பவே விரும்பக்கூடும் என்பது முதலாளிக்குத் தெரிவதில்லை. கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். யார் யாரோடு நின்றால் முறுக்கு வேகமாக விழும் என்பதும் அவர்களுக்கே தெரியும். அட்டவணை என்பது நிர்வாக வேலை, படைப்பாற்றலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தங்கள் நாளைத் தாங்களே அமைத்துக்கொள்ள முடிந்தவர்கள் அடுத்து எண்ணெய் வீணாவதைப் பற்றியும் பொட்டலம் கட்டும் மேசையின் உயரத்தைப் பற்றியும் பேசத் தொடங்குவார்கள்.

ஒரு மாதம் நடத்திப் பார்த்து மாற்றிக்கொள்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தீபாவளி மாதத்துக்குத் தனி அட்டவணை வேண்டும். அதையும் ஆர்டர்கள் குவிவதற்கு முன்பே அவர்கள் போடட்டும். எத்தனை பெட்டி அதிரசம் காத்திருந்தாலும் ஓ.டி. மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் அச்சு, வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். இளைஞர்களை மகிழ்ச்சியாக வைத்திருக்க மேசைப்பந்து மேசை, பிறந்தநாள் கேக், சாய்ந்து உட்காரும் மெத்தைகள் எல்லாம் வைக்க வேண்டும் என்கிறார்கள். பலன் இருக்குமா?
வாசகர், கோலாலம்பூர்

பதில்: கேக் நல்லது, வெட்டுங்கள். அதற்கு முன், சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வருகிறதா, வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு காக்கப்படுகிறதா, வெள்ளிக்கிழமை இரவில் வாடிக்கையாளர் அனுப்பும் திருத்தங்களைச் சனிக்கிழமை காலைக்குள் முடித்துத் தருவதாக ஊழியரைக் கேட்காமலே நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்களா என்பதைப் பாருங்கள். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் பொருந்துகிறது.

மகிழ்ச்சிக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். பிரிட்டிஷ் டெலிகாம் அழைப்பு மையங்களில் சுமார் 1,800 விற்பனை ஊழியர்களை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்று, அவர்கள் மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் 13 விழுக்காடு கூடுதலாகச் சாதித்தார்கள் என்று 2019இல் தெரிவித்தது. அவர்கள் அதிக நேரம் வேலை செய்யவில்லை. அதே நேரத்தில் வேகமாகவும் கூடுதலான விற்பனையோடும் செய்தார்கள். அந்த ஆய்வில் ஊழியர்களின் மனநிலையை மாற்றிய காரணிகளுள் ஒன்று, ஜன்னல் வழியே தெரிந்த வானிலை. உங்கள் வடிவமைப்பாளர்கள் ஜன்னல் இல்லாத பின்னறையில் உட்கார்ந்திருந்தால், மேசைப்பந்து மேசைக்கான பணத்தில் அவர்களை முன்னறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பினாங்கில் ஒரு சிறிய நிறுவனத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். பாகத்தைச் சாயாமல் பிடிக்கும் ஜிக் ஒன்றை நானே வரைந்து செய்தேன். கழிவு வெகுவாகக் குறைந்தது. இப்போது முதலாளி அதைச் சற்று மேம்படுத்தி நிறுவனத்தின் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். எனக்கு ஒரு மதிய விருந்து கிடைத்தது. எனக்கு ஏதேனும் உரிமை உண்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் உரிமையாக அது இல்லாமல் இருக்கலாம். 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் காப்புரிமை முதலாளியைச் சேரும். ஆயினும் ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட மிகப் பெரிய பொருளாதார மதிப்பை அந்தக் கண்டுபிடிப்பு அடைந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு; உடன்பாடு எட்டாவிட்டால் நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கும். கண்டுபிடிப்பது உங்கள் வேலையே அல்ல, ஆனால் நிறுவனத்தின் கருவிகளையோ தகவல்களையோ கொண்டு கண்டுபிடித்தீர்கள் என்றால் அப்போதும் உரிமை முதலாளிக்கே போகும்; அந்த நிலையிலும் உங்களுக்கு நியாயமான ஊதியம் உண்டு. இந்த உரிமைகளை ஒப்பந்தத்தின் மூலம் குறைக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. கண்டுபிடித்தவரின் பெயர் காப்புரிமையில் குறிப்பிடப்பட வேண்டும் என்பதும் சட்டமே. வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு.

ஒவ்வொரு ஜிக்கும் காப்புரிமை பெறும் தகுதி உடையது என்று எண்ணிவிட வேண்டாம். ஆகவே வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். நீங்கள் வரைந்த படங்களையும் முதல் மாதிரியின் புகைப்படங்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு முதலாளியை நேரில் பார்த்து, விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள். மறந்துபோய் விடுபட்டிருந்தால் அந்தப் பேச்சிலேயே சரியாகிவிடும். அவர் மழுப்பினால், அறிவுசார் சொத்துத் துறையில் பழகிய வழக்கறிஞரிடம் போவது அவசியமாகிறது.

இதை வாசிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாசகரின் பெயரை விண்ணப்பத்தில் எழுத அந்த நிறுவனத்துக்கு ஒரு காசும் செலவாகாது. எழுதாமல் விட்டால், அடுத்த ஜிக்கை அவர் வேறொரு பட்டறையில் செய்வார். பாயான் லெப்பாஸைச் சுற்றித் திறமையான தொழில்நுட்பர்களுக்கு வேலை கிடைப்பது கடினமில்லை.

கேள்வி: எங்களுடையது லெபோ அம்பாங் பக்கத்தில் தாத்தா காலத்திலிருந்து நடக்கும் துணிக்கடை. படித்து முடித்துவிட்டு நானும் கடைக்கு வந்துவிட்டேன். மாதம் ஒரு முறை எல்லோரையும் உட்கார வைத்துப் புதிய யோசனைகள் கேட்கிறோம். அப்பா பேசுவார், மற்றவர்கள் "சரிங்க முதலாளி" என்பார்கள், டீ குடித்துவிட்டுக் கலைவோம். என்ன செய்வது?
வாசகி, கோலாலம்பூர்

பதில்: கூட்டம் போட்டு யோசிப்பது உயர்ந்தது என்ற நம்பிக்கையை 1958இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துவிட்டார்கள். நால்வர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே யோசித்து எழுதியவற்றைப் பிறகு ஒன்றாகச் சேர்த்தபோது ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. அங்கே முதலாளியும் இல்லை, அப்பாவும் இல்லை. உங்கள் கடையில் இரண்டும் ஒருவரே.

அவரை மாற்ற முயல வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரே ஒரு கேள்வியை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். "கடையை எப்படி முன்னேற்றலாம்?" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. "புடவை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் கடைசியாக என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். கவுன்டரில் நிற்கும் பெண்களுக்கு அதற்கு நூறு பதில் தெரியும்: ரவிக்கை தைக்க ஆள் கிடைக்கவில்லை, கண்ணாடி முன் வெளிச்சம் போதவில்லை, விலைச்சீட்டைக் காண மடிப்பைப் பிரிக்க வேண்டியிருக்கிறது, இணையத்தில் பார்த்த நிறம் இங்கே இல்லை. ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவரட்டும். கூட்டத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் வாசிக்க வேண்டும். அப்பா கடைசியில் பேச வேண்டும். "நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அப்பா, நீங்கள் முடித்து வையுங்கள்" என்று கேட்டால் மரியாதைக்கும் குறைவில்லை. முடித்து வைப்பவர் என்ற இடம் பெரியவர்களுக்கு உரியதுதானே.

வந்த யோசனைகளில் ஒன்றை மட்டும் அடுத்த கூட்டத்துக்குள் செய்து முடியுங்கள். ஹார்வர்டின் தெரேசா அமாபிலி, ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேர் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஊழியர்களின் நல்ல நாள்களில் வேறெதையும்விட அதிகமாகத் தென்பட்டது, பொருளுள்ள ஒரு வேலை சிறிதளவேனும் முன்னேறியது என்பதே. அதே காரணியை மேலாளர்களிடம் மற்ற நான்கோடு சேர்த்து வரிசைப்படுத்தச் சொன்னபோது அது கடைசி இடத்துக்குப் போயிற்று. கண்ணாடி முன் ஒரு விளக்கைப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலை. அதை யார் சொன்னார்கள் என்று அப்பா வாடிக்கையாளர் முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 12 மலேசிய ஊழியர்கள். ஊழியர் பயிற்சிக்காக மனிதவள மேம்பாட்டுக் கழகம் (எச்ஆர்டி கோர்ப்) வசூலிக்கும் லெவியை மாதந்தோறும் கட்டுகிறோம். பயிற்சிக்கு அனுப்பினால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று அனுப்புவதில்லை. சரிதானா?
வாசகர், கெப்போங்

பதில்: சரியில்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட, சட்டத்தின் கீழ் வரும் முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டியே ஆக வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். கட்டுவது கட்டாயம் என்றான பிறகு பயன்படுத்தாமல் விடுவது உங்கள் பணத்தை நீங்களே தொலைப்பதாகும். பயிற்சி பெற்றவர் போய்விடக்கூடும் என்பது உண்மை. பயிற்சி பெறாதவர் போகாமல் இருந்துவிடக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எந்தப் பயிற்சி என்பதை நீங்கள் முடிவு செய்யாமல், அடுத்த ஆறு மாதத்தில் எந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய விரும்புகிறார்கள் என்று அந்த 12 பேரையும் தனித்தனியே கேட்டு, அதற்கேற்ற வகுப்பைத் தேடுங்கள். விண்ணப்பத்தைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அனுப்பி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.